நான் விட்டுக்கொடுத்த நடு இருக்கை

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பதினாறு நிமிடத்தில்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. விளம்பரங்கள் முடிந்து படம் தொடங்கியிருந்தது. ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நின்று யாரையோ ஏசினாள். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜெர்மன் எழுத்துகள் ஓடவேண்டும். ஓடவில்லை. இருட்டில் கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுவந்து மணி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. அந்த நேரம் மட்டும் இன்றும் மறக்கவில்லை.

என் வலப்பக்கம் இருந்தவர் எங்கள் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. பாடனில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஜெர்மனில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேர்ச்சி. பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். என் இடப்பக்கம் மகள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நடுவில் நான். அந்த ஒழுங்கை நான்தான் வகுத்தேன்.

சுவிஸில் நாங்கள் இருக்கும் ஃப்ரிபூர்க், பிரெஞ்சும் ஜெர்மனுமாக இரண்டு மொழி பேசும் ஊர். தெருப் பலகையில் இரண்டு மொழி, தபாற்கந்தோரில் இரண்டு மொழி. அமெரிக்கப் படங்களுக்கு அடியில் இரண்டு வரிகள் ஓடுவதை முன்பு பார்த்திருக்கிறேன். இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். பிரெஞ்சுப் படத்துக்கு எதற்கு எழுத்து என்று தியேட்டர்க்காரர்கள் எண்ணிவிட்டார்கள்.

ஏன் படத்துக்குப் போனோம் என்பதைச் சொல்லவேண்டும். பெரியவர்கள் பேசி ஓரளவு பொருந்திய பிறகு, பிள்ளைகள் ஒருமுறை சந்தித்துக் கதைக்கட்டும் என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டிருந்தோம். எங்கே சந்திப்பது? தேநீர்க் கடையில் இருத்தினால், அந்தக் கடையின் குசினியில் எங்கள் ஆள் ஒருவர் கட்டாயம் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பார். பின்னேரத்துக்குள் செய்தி பாசல் வரை போய்விடும். எங்கள் வீட்டில் இருத்தினால் மகள் வாயைத் திறப்பாள். எனக்கு அதுதான் பயம். படத்தில் இருட்டு. பேசினால் மற்றவர்கள் அதட்டுவார்கள். இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததாகவும் ஆகும், எதையும் சொல்லவில்லை என்பதாகவும் ஆகும். என் கணக்கு இது.

மகள் சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்த விஷயம் இது. அவளுக்கு இருபத்தொரு வயதில் பரிஸில் இருந்த ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்தோம். எங்கள் வீட்டு முன்னறையிலேயே மோதிரம் மாற்றினார்கள். எங்கள் குடும்பத்தைத் தவிர வந்திருந்த எல்லோரும் பரிஸ்காரர்கள். பிறகு பதினான்கு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அவன் தொலைபேசியில் வருவான். அவள் நீளக் கம்பியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒரு ஞாயிறு சிரிப்பு இல்லை. வெளியே வந்தவள், “அவருக்கு முந்தித் தெரிஞ்ச ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்காம் அம்மா. மறக்கேலாதாம்” என்றாள். தொலைபேசியை இருந்த இடத்தில் வைத்துக் கம்பியைச் சுருட்டினாள். அவ்வளவுதான்.

அழைப்பிதழ்கள் அதற்குள் அச்சாகி வந்திருந்தன. அவற்றைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டிக் காகிதக் கழிவு எடுக்கும் நாளில் கீழே வைத்தேன். கட்டின் மேலும் கீழும் பத்திரிகை வரும்படி, பெயர்கள் வெளியே தெரியாதபடி கட்டினேன்.

ஒரு நிச்சயம் முறிந்தால் பெண்ணில் என்ன குறை என்றுதான் கேட்பார்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன குறை என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நான்கு வருடம் கழித்து, பாடனில் மாப்பிள்ளையின் தாய் தன் வீட்டுச் சோபாவில் நேராக நிமிர்ந்து இருந்துகொண்டு, “முந்தி எங்கையாவது பேசினதோ?” என்று கேட்டபோது, “இல்லை அக்கா” என்றேன். யோசிக்காமல் வந்த பதில். என் கணவர் தேநீரைப் பார்த்தார். அந்த அம்மா புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்வியை இரண்டாம் முறை கேட்கமாட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது.

எங்களோடு வந்து அவரைப் பார்த்திருந்த மகள் ரயிலில் திரும்பி வரும்போதே தொடங்கிவிட்டாள்.

“கட்ட முதல் அவருக்குச் சொல்லவேணும் அம்மா.”

“சொல்லலாம். எழுத்து முடியட்டும்.”

“முடிஞ்ச பிறகு சொன்னா அது சொல்லுறதில்லை. அகப்படுறது.”

“உனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாமோ?”

“வேணும். அதாலதான் சொல்லவேணும் எண்டுறன்.”

எழுத்து என்று நாங்கள் சொல்வது கலியாணப் பதிவை. அதுவரை அவள் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள் என்று என் கையில் அடித்து வாக்கு வாங்கினேன். கொடுத்தாள். கொடுத்த வாக்கை மீறாத பிள்ளை. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் தியேட்டர். அதனால்தான் நடு இருக்கை.

படத்தை நான் தேர்ந்தது சுவரொட்டியைப் பார்த்து. நீண்ட மேசை, வெள்ளை உடுப்பில் ஒரு மணப்பெண், சுற்றிலும் சிரிக்கும் ஆண்கள். அண்ணன் தம்பிமார் என்று நினைத்தேன். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் கூட நின்ற பெண்ணிடம் விசாரித்தேன். நல்ல படம், சிரிக்கலாம், கடைசியில் கொஞ்சம் அழலாம் என்றாள். நமக்குப் பழகிய சாமான்தான் என்று நிம்மதியானேன். ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். எந்தத் தாளையும் முழுக்க வாசிக்காமல் முத்திரை குத்தியதில்லை. அன்றைக்குக் குத்திவிட்டேன்.

திரையில் ஒரு உயரமான ஆள் நாய் ஒன்றோடு வந்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார், மரியாதைக்கு. மகள் எனக்கு மேலால் சரிந்து, “அது அவவின்ர நாயாம்” என்றாள்.

“ஆர் அந்த ஆள்?”

“முந்தி இவவோட இருந்தவர்.”

“அப்ப நாயைக் குடுக்கவோ வந்தவர்?”

“அப்பிடித்தான் சொல்லுறார்.”

இந்தக் கதை என் மடிக்கு மேலால் போய்வந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர் “ஷ்ஷ்” என்றார். மகள் நிமிர்ந்தாள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஆள் வளையத்தில் கோத்த வீட்டுத் திறப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மாப்பிள்ளை பாவமாக விழித்தார். மகள் திரும்பவும் சரிந்தாள். திரும்பவும் “ஷ்ஷ்”. இம்முறை பின்வரிசை ஆள் என் தோளைத் தொட்டு, அம்மா, தயவுசெய்து இடம் மாறி இருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். என் பிரெஞ்சு சலவைப் பிரெஞ்சு. படுக்கை விரிப்பு, துவாய், ஈரம், கெதி, திங்கட்கிழமை. ஆனால் இடம் மாறு என்பது விளங்கியது. வெட்கத்தில் எழுந்தேன். மகள் நடுவுக்கு நகர்ந்தாள். நான் ஓரத்துக்குப் போனேன்.

அதன் பிறகு அவர்கள் சத்தமில்லாமல் கதைத்தார்கள். எனக்குப் பாதி கேட்டது. படம் ஏறக்குறைய விளங்கியது. நாற்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கலியாணம். அவளோடு முன்பு வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக, அவள் விட்டுப்போன பொருள் ஒன்றைத் திருப்பித் தர வருகிறார்கள். வந்தவர்கள் போவதில்லை. அவளைக் கட்டப்போகிற ஆள், கட்டையான மொட்டைத்தலை மனிதர், ஒவ்வொருவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் கூட்டி வைக்கிறார். சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பிமார் யார் என்று எனக்கு அப்போதுதான் வெளித்தது. உலகத்தில் எத்தனை படங்கள் இருக்க, நான் இதைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்!

சுவிஸில் படத்துக்கு நடுவில் இடைவேளை விடுவார்கள். விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை எழுந்து போய் மூன்று ஐஸ்கிரீம் வாங்கி வந்து முதலில் எனக்கு நீட்டினார்.

“அன்ரி, குளிர் ஒத்துக்கொள்ளுமோ?”

“ஓம் தம்பி, தாரும்.”

அவர் மகளிடம் திரும்பி, “பாவம் அந்த மொட்டைத்தலை மனுசன். வாற ஆக்களுக்கெல்லாம் கோப்பை வைக்கிறார்” என்றார்.

“நீங்களெண்டா வைப்பீங்களோ?” என்று மகள் கேட்டாள்.

“தெரியேல்லை. முதல்ல சோறு காணுமோ எண்டு பாக்கவேணும்.”

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். பாதிக் கண்டம் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

இடைவேளைக்குப் பின் அந்தப் பெண் குசினியில் தனியாக நின்று ஒரு கண்ணாடிக் குவளையைக் கழுவினாள். நீளமான காட்சி. இசை இல்லை. ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. என் மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. திரையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் மெல்லிய குரலில் தமிழ் ஓடுகிறது. “பதினாலு மாசம்” என்று கேட்டது. பிறகு “ஞாயிற்றுக்கிழமை”. பிறகு “டெலிபோன்”. அந்தப் படத்தில் அதுவரை ஒரு டெலிபோனும் வரவில்லை.

என் கையிலிருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று இன்றும் தெரியாது. அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் திரும்பாமல், என் கையைத் தன் கையால் மூடி, அப்படியே வைத்துக்கொண்டு தொடர்ந்து சொன்னாள். நான் இருமினேன். பின்னால் இருந்தவர் “ஷ்ஷ்” என்றார். அவர்களை ஒருவரும் அதட்டவில்லை, என்னைத்தான் அதட்டினார்கள். பேசவிடாத இடம் என்று தேடிப் பிடித்த இடத்தில் பேசமுடியாமல் இருந்தது நான் மட்டும்.

ஒருமுறைதான் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. “பிறகு?” என்றார்.

பிறகு மகள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள். அழைப்பிதழ் கட்டைப் பற்றியும் சொன்னாள். நான் அதைக் கட்டியதை அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. திரையில் மொட்டைத்தலை மனிதரின் கதிரை வெறுமையாக இருந்தது. மணப்பெண் அவரைத் தேடிக்கொண்டு ஓடினாள். அவர் மழையில் காருக்கு வெளியே நின்றார். ஒரேயொரு வசனம் சொன்னார். அரங்கு முழுக்கச் சிரித்து, கைதட்டி, மூக்கையும் துடைத்துக்கொண்டது. எங்கள் மூன்று இருக்கைகள் மட்டும் அசையவில்லை.

வெளியே தூறல். ரயில் நிலையத்துக்கு நடந்தோம். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “படம் எப்படித் தம்பி?” என்றேன்.

“நல்ல படம் அன்ரி.” கொஞ்சத் தூரம் நடந்தார். “யோசிக்க வேணும்.”

கலியாணப் பேச்சில் யோசிக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது வேண்டாம் என்பதற்கு மரியாதையான சொல் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில் வந்தது. “போட்டு வாறன்” என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறினார். ஜன்னலோரம் இருந்தும் வெளியே பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வெடித்தேன்.

“என்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியெல்லோ?”

“நான் என்னம்மா சொன்னனான்? படத்தைத்தானே மொழிபெயர்த்தனான்.”

“எடியே, அந்தப் படத்தில டெலிபோனே வரேல்லை!”

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “அவ கிளாஸ் கழுவேக்க என்ன நினைச்சிருப்பா எண்டு அவருக்குச் சொன்னன். அவர் கேட்டார். முழுக்கக் கேட்டார் அம்மா. நீங்கள்கூட அண்டைக்கு முழுக்கக் கேக்கேல்லை.”

அன்றைக்கு, அந்த ஞாயிறு, பதிந்திருந்த கலியாண மண்டபத்துக்கு யார் சொல்வது என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் இந்தச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் வருவதாக ஏற்பாடு. ஏழு இருபதுக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். என் கணவரோடு வேலை செய்பவர், திங்கட்கிழமை வேலை நேரம் மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்று கணவரைக் கேட்காமலே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை. நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர், “சொல்லாட்டியும் ஒரு நாள் தெரியும். நீர் இப்ப சும்மா இரும்” என்றார். அவர் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபமூட்டியது.

ஞாயிறு காலை பத்து மணி. பத்து மணியைத் தாண்டுவது எங்கள் வீட்டில் எப்போதுமே கஷ்டம். சும்மா இருக்க முடியாமல் படுக்கை விரிப்புகளை எல்லாம் உருவிக் கூடையில் போட்டுக்கொண்டு கீழே நிலவறைச் சலவை அறைக்குப் போனேன். இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் மனம் கொஞ்சம் அடங்கியது. சமைத்தேன். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மணிக்கு அழைப்பு மணி. ஓடிப்போய்த் திறந்தேன். முதல் மாடியில் இருக்கும் மூதாட்டி. “மதாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை” என்றார், செத்த வீட்டில் பேசுவது போல. பத்து வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். ஞாயிறு உடுப்புத் தோய்க்கக் கூடாது என்பது முதல் மாதத்திலேயே படித்த பாடம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே ஓடினேன்.

ஈர விரிப்புகளை வாரிக் கூடையில் அடைத்துக்கொண்டு படியேறி வரும்போது, கீழ்வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மாப்பிள்ளை, பெயர்ப் பட்டியலில் எங்கள் மணியைத் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர் அவர் தாய், பச்சைச் சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை, கையில் மூடிய குடை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். “வாங்கோ அக்கா” என்றேனோ, வெறும் வாயசைத்தேனோ தெரியாது. ரயிலில் இரண்டு மணி நேரம் செலவழித்து வந்தவர் என் முகத்துக்கு நேரே கேட்கப்போகிறார் என்று நின்றேன். கேட்டால், ஓம் அக்கா, பொய்தான் சொன்னனான் என்று சொல்லிவிடுவது என்று அந்தப் படியில்தான் முடிவெடுத்தேன்.

அவர் கூடையைப் பார்த்தார். “ஞாயிற்றுக்கிழமை தோய்க்கிறியளோ? உங்கட பக்கம் விடுவினமோ?”

“விடமாட்டினம் அக்கா. இப்பத்தான் பேச்சு வாங்கினனான்.” கூடையைப் படியில் இறக்கினேன். “அக்கா, நான் உங்களுக்கு அண்டைக்கு...”

அவர் குடையை மகனிடம் கொடுத்துவிட்டு, கூடையின் மற்றக் காதைப் பிடித்துத் தூக்கினார். நல்ல பாரம். இருவருமாக இரண்டு படி ஏறினோம். மேலே மகள் கதவைத் திறந்துகொண்டு நிற்பது தெரிந்தது. அந்த அம்மா ஏறிய படியிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

“டெலிபோனில கதைக்கிற கதை இல்லையெண்டுதான் நேரில வந்தனாங்கள். பரிஸ் கதை முழுக்க இவன் நேற்றே சொல்லிப்போட்டான். அதை இனி ஒருத்தரும் எனக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, தங்கச்சி. ஆனா அந்த மொட்டையன் கடைசியா மழைக்குள்ள நிண்டு என்ன சொன்னவன் எண்டு இவனுக்கும் தெரியாதாம். நேற்றுத் தொடக்கம் அதையேதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறான். மூண்டு மணிக்கு இண்டைக்கும் படம் இருக்காம். பிள்ளையை வெளிக்கிடச் சொல்லுங்கோ. இந்தமுறை அவ இவனுக்குப் பக்கத்தில இருந்து படத்தை மட்டும் சொல்லட்டும். நானும் நீங்களும் பின்னால இருப்பம்.”